டிராக்டர் இன்ஜினில் புதுச் சத்தமா? எதற்கு உடனே நிறுத்த வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்

குறுவை அறுவடை முடிந்து தாளடிக்குச் சேறடிக்கும் நாட்களில், டெல்டா கிராமங்களில் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. விடியலில் வயலில் இறங்கினால் இருட்டிய பிறகுதான் கரையேறும். நாற்று தயார், நடவு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, வாய்க்காலில் முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் டிராக்டர் ஓட்டும் பையன் வரப்போரம் வந்து, "அண்ணே, இன்ஜின்ல புதுசா ஒரு சத்தம் வருது" என்பான். "இன்னும் ஆறு மா நிலம்தான் பாக்கி. முடிச்சுட்டுப் பாத்துக்கலாம் தம்பி" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில்.

பல சத்தங்களுக்கு இந்தப் பதிலில் தவறில்லை. லூஸான பேன் பெல்ட், தேய்ந்த சைலன்சர் கேஸ்கட், இடைவெளி கூடிப்போன டாப்பெட் ஆகியவை அந்த ஆறு மாவையும் தாங்கும். ஆனால் ஒரு சத்தத்துக்கு மட்டும் இந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. ரோட்டாவேட்டர் மண்ணில் இறங்கியதும் கனத்து, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் "டொக், டொக்" என்று இடித்து, கூடவே ஆயில் பிரஷர் முள்ளும் இறங்கினால், அது கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்துபோனதன் அறிகுறி. அந்த இடத்திலேயே நிறுத்தினால் பேரிங் மாற்றுவதோடு செலவு நிற்க வாய்ப்பு உண்டு. சாயங்காலம் வரை ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட் கீறிவிடும். ராடு உடைந்து பிளாக்கைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டால், இன்ஜினை எடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழியிருக்காது. தவணை பாக்கியிருக்கும் டிராக்டராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

காது மட்டும் போதாது

"சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன்" என்கிற மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவர் உண்டு. அனுபவம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் இரும்பில் சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். மேலே வால்வில் பிறந்த தட்டல் கீழே ஆயில் சம்ப்பில் கேட்கும்; முன்பக்க வாட்டர் பம்பின் உறுமல் இன்ஜின் நடுவில் கேட்கும். எனவே சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்பதுதான் முக்கியம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பின்பா? லோடு ஏறும்போதா, ஆக்ஸிலேட்டரைக் குறைக்கும்போதா? கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்குப் பட்டறை தேவையில்லை, ஓட்டுபவரே பார்த்துவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஆயில். இன்ஜினை நிறுத்தி, வண்டியைச் சமதளத்தில் வைத்து, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். சேற்றில் சாய்ந்து நிற்கும் டிராக்டரில் பார்க்கும் அளவு பொய் சொல்லும். அளவு குறைந்திருந்தால் காரணம் புரிகிறது. அளவு கூடியிருந்தால்? அதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஆயில் தானாகக் கூடாது. டீசல் உள்ளே இறங்கியிருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம். டீசல் கலந்தால் விரலில் தேய்க்கும்போது வழவழப்பு குறைந்து டீசல் வாடை அடிக்கும். தண்ணீர் கலந்தால் மோர் கலந்ததுபோல் வெளுத்துவிடும். இரண்டு நிலையிலும் அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது.

பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்தான். பம்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் அந்த இடுக்கில் ஒரு படலமாக நிற்கிறது. இன்ஜின் ஓடும்போது இரண்டு இரும்பும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, ஆயில் மேல் மிதந்துதான் சுற்றுகின்றன. ஆயில் நீர்த்தாலோ பிரஷர் விழுந்தாலோ படலம் அறுந்து, இரும்போடு இரும்பு உரசும். தேய்மானத்தால் இடைவெளி பெரிதானால் பிரஷர் இன்னும் விழும். அதனால்தான் இந்தக் கோளாறு தொடங்கிய பிறகு மணிக்கணக்கில்கூடக் காத்திருக்காது.

வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம், டர்போ உள்ள வண்டிக்கு அது கட்டாயமும்கூட. ஆனால் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்துவிட்டால் அந்தப் பழக்கத்தைப் பார்க்கக் கூடாது. உடனே நிறுத்திவிட வேண்டும். பட்டறை பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும், இன்னொரு டிராக்டரால் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

சத்தம் இன்ஜினில்தானா?

விளக்கு எரியவில்லை, பிரஷரும் சரியாக இருக்கிறது, ஆயிலும் நன்றாக இருக்கிறது என்றால் நிதானமாகத் தேடலாம். தேடுவதற்கு முன் தோளில் கிடக்கும் துண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வேட்டி, லுங்கியோடு ஓடும் இன்ஜின் அருகே குனியவே கூடாது. பேன் பெல்ட்டும் பி.டி.ஓ. தண்டும் துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்துத்தான் இழுக்கும். வண்டி சமதளத்தில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, கருவி தரையில் இறக்கப்பட்டு, பி.டி.ஓ. விடுபட்டு இருக்க வேண்டும். சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லது.

கிளட்ச் பெடலை மிதித்ததும் சத்தம் தொடங்கினால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றுவிட்டால் கியர் பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். லிப்ட்டைத் தூக்கும்போது மட்டும் முனகினால் ஹைட்ராலிக் ஆயில் குறைந்திருக்கும், அல்லது அதன் வடிகட்டி அடைத்திருக்கும். ரோட்டாவேட்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். பி.டி.ஓ. தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட் சத்தத்தை இன்ஜின் சத்தம் என்று நினைத்து இன்ஜினைப் பிரிப்பதில் அர்த்தமில்லை. பேட்டரி தட்டு, பானெட் கொக்கி, சைலன்சர் கிளாம்ப் இவற்றின் தகரச் சத்தத்தையும் கையால் அழுத்திப் பார்த்து ஒதுக்கிவிடலாம், சைலன்சரை மட்டும் குளிர்ந்த பிறகு.

முன்பக்கத்தில் "கர்ர்ர்" என்ற உறுமல் கேட்டால் டைனமோ அல்லது வாட்டர் பம்ப் பேரிங் காரணமாக இருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, பேன் பெல்ட்டைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். பெல்ட் இல்லாமல் தண்ணீர் ஓட்டம் இருக்காது, நேரம் கூடினால் இன்ஜின் சூடேறிவிடும். உறுமல் நின்றிருந்தால், பெல்ட் ஓட்டும் பாகங்களைக் கையால் சுற்றியும் ஆட்டியும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை இன்ஜின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் ஒட்டினால், டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போலக் கேட்கும். சத்தம் பலமாகக் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். சுழலும் எதன் அருகிலும் கம்பியைக் கொண்டுபோகக் கூடாது.

"டிக் டிக்"கும் "கட கட"வும்

இன்ஜின் மேல்பகுதியில் தையல் மெஷின் போல லேசாக, ஒரே சீராக "டிக் டிக்" என்று கேட்டால் அநேகமாக டாப்பெட். இதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. கேம் ஷாஃப்ட், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதிதான் சுற்றும். நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும் ஐட்லிங்கில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 375 தடவைதான் திறக்கும், அதாவது நொடிக்கு ஆறு தட்டல். இன்ஜின் ஓட்டத்தைவிட நிதானமாகக் கேட்கும் தட்டல் என்றால் வால்வுப் பக்கம்தான் பார்க்க வேண்டும். பீலர் கேஜ் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்தால் போதும். இன்ஜின் குளிர்ந்த நிலையிலா, சூடான நிலையிலா என்பதையும் கையேடு சொல்லும்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. தட்டுகிற டாப்பெட்டைவிட, சத்தமே போடாத டாப்பெட்தான் சில நேரம் ஆபத்து. "சத்தமே இருக்கக் கூடாது" என்று உரிமையாளர் கேட்டார் என்பதற்காக மெக்கானிக் இடைவெளியை இறுக்கிவிட்டால், சூட்டில் வால்வு நீண்டு முழுமையாக மூடாமல் நிற்கும். எரியும் வாயு அந்த இடுக்கு வழியே சீறி வால்வைப் பொசுக்கிவிடும். லேசான டிக் டிக் இருந்தால் இருக்கட்டும்.

அடுத்தது டீசல் தட்டல். டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. பற்றுவதற்கு ஒரு கணம் தாமதமானால், அதற்குள் சேர்ந்த டீசல் மொத்தமாக வெடிக்கும். "கட கட" என்று கல் உருட்டியதுபோல் கேட்பது அதுதான். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடானதும் குறைந்தால் கவலை வேண்டாம். சூடான பிறகும் ஒரு சிலிண்டரில் மட்டும் தொடர்ந்தால் நாசில் சரியாகத் தூவவில்லை, ஒழுகுகிறது என்று பொருள். எல்லாச் சிலிண்டரிலும் கேட்டால் பம்ப் டைமிங் முன்னால் போயிருக்கலாம், அல்லது டீசலே சரியில்லாமல் இருக்கலாம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் தாமதமாகப் பற்றும், தட்டலும் கூடும். கேனில் வாங்கி வைத்த டீசல் என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஐட்லிங்கில், நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துவார்கள். டீசல் போகாத சிலிண்டர் வேலை செய்யாது. எதைத் தளர்த்தும்போது தட்டல் நிற்கிறதோ, அல்லது நன்றாகக் குறைகிறதோ, குறை அந்தச் சிலிண்டரில். நட்டைச் சுற்றித் துணி போட்டு, பீய்ச்சும் டீசல் சூடான சைலன்சர் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தத்தோடு வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், ஆகவே எக்காரணம் கொண்டும் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. இதைப் பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள டிராக்டர்களில் மட்டும், பழகியவர் மட்டுமே செய்ய வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்துவிட்டன. அவற்றில் வரும் காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் பல மடங்கு அதிகம், அங்கே குழாய் நட்டைத் தொடவே கூடாது. அந்த வண்டிகளுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சிக்கல். நாசில் தட்டலும் நிற்கும், ராடு பேரிங் தட்டலும் நிற்கும் அல்லது குறையும், ஏனென்றால் வெடிப்பின் அடி விழுந்தால்தான் லூஸான பேரிங் இடிக்கும். இரண்டையும் பிரித்தறிய, தட்டும் சிலிண்டரின் நாசிலையும் பக்கத்துச் சிலிண்டரின் நாசிலையும் இடம் மாற்றி, புதுச் செம்பு வாஷரோடு பூட்டிப் பார்க்க வேண்டும். தட்டல் நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசில்தான் குற்றவாளி. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்துச் சோதித்தால் வேலை முடிந்தது. பழைய சிலிண்டரிலேயே நின்றால் பேரிங், கட்ஜன் பின், பிஸ்டன் இவற்றில் ஒன்று. இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

கீழிருந்து வரும் இடி

ராடு பேரிங் சத்தம் எப்படி இருக்கும் என்று முன்பே பார்த்தோம். மெயின் பேரிங் அதைவிடக் கனமாக, ஓட்டுபவரின் காலுக்கு அடியில் அதிர்வது போல் இருக்கும். லோடு ஏறும்போது கூடும். ஒரு சிலிண்டரை நிறுத்தினாலும் பெரிதாக மாறாது. கட்ஜன் பின் தேய்ந்தால் ஐட்லிங்கில் இரட்டை இரட்டையாகக் கூர்மையான தட்டல் வரும். பிஸ்டனும் லைனரும் தேய்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினில் பானையைத் தட்டியதுபோல் கேட்டு, சூடானதும் குறையும். இந்தக் கடைசிச் சத்தத்தோடு டிராக்டர் நீண்ட நாள் ஓடும். ஆயில் குடிப்பதையும் புகையையும் கவனித்துக்கொண்டே, கோடையில் வேலை குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விசில் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

இடிக்கும் சத்தத்துக்குப் பயப்படும் பலர், மெல்லிய விசிலைக் கண்டுகொள்வதில்லை. ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ காற்று அந்த இடுக்கு வழியே உறிஞ்சப்பட்டு விசிலடிக்கும். கூடவே புழுதியும் வடிகட்டப்படாமல் உள்ளே போகும். புழுதி உழவு நடக்கும் காட்டில் இப்படிச் சில நாள் ஓடினாலே லைனரும் ரிங்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்ந்துவிடும். ஒரு ஹோஸ் துண்டின் விலை, ஓர் இன்ஜினைத் தின்றுவிடுகிறது.

டர்போ இல்லாத டிராக்டர் என்றால் எளிய சோதனை ஒன்று செய்யலாம். ஐட்லிங்கில் ஏர் கிளீனரின் வாயை ஒரு பலகையால் முழுவதும் மூட வேண்டும். சில நொடிகளில் இன்ஜின் மூச்சுத் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு எங்கோ வழி இருக்கிறது. ஆயில் நிரப்பும் வகை ஏர் கிளீனரில் அடிக்கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றை வழித்து, குறியிட்ட அளவுக்கு ஆயில் ஊற்ற வேண்டும்.

"புஸ், புஸ்" என்று சீறினால் சைலன்சர் மேனிபோல்டு கேஸ்கட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கரி இல்லை, ஆனால் ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, அப்படியே ஓட்டக் கூடாது. மூடியை இன்ஜின் ஆறிய நிலையில் திறந்து வைத்த பிறகே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பேரிங் என்று சந்தேகம் வந்தால், ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்ல வேண்டும். ஆயில் பில்டரையும் அறுத்துப் பார்க்கலாம். மின்னும் துகள் இருந்தால் பேரிங் தேய்வது உறுதி. பேரிங்கின் மேற்பூச்சு காந்தத்தில் ஒட்டாது, ஒட்டுகிற துகள் வேறு இரும்புப் பாகத்திலிருந்து வந்தது.

கிராங்க்கை மைக்ரோமீட்டரால் அளந்த அளவை எழுதி வாங்குவது நல்லது. கீறல் விழுந்த கிராங்க்கை எமரித் தாளால் தேய்த்துப் புதுப் பேரிங் போட்டுவிடுவது சில இடங்களில் நடக்கிறது. அன்றைக்குச் சத்தம் நிற்கும், அடுத்த பட்டத்தில் திரும்ப வரும். லேத் பட்டறையில் முறையாகக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பத்து அல்லது இருபது அளவுப் பேரிங் போடுவதுதான் சரி. பேரிங் ஏன் போனது என்பதற்கும் பதில் வேண்டும். ஆயில் பம்ப் தேய்ந்ததா, ஸ்ட்ரெயினர் அடைத்ததா, டீசல் கலந்ததா, ஆயில் மாற்றும் கெடு தாண்டியதா என்று பார்க்காமல் பூட்டினால் புதுப் பேரிங்கும் அதே வழியில்தான் போகும்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விற்பவர் ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், பிஸ்டன் சத்தம் காதில் விழாது. கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குகிறவர்களும் உண்டு. "நாளைக்குக் காலையில வர்றேன், ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது கலப்பையோடு ஓட்டி, சூடான நிலையில் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் கார், பெட்ரோல் லோடு வண்டி வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் தேடலாம். நாசிலுக்குப் பதில் அங்கே ஸ்பார்க் பிளக், மேடு ஏறும்போது மட்டும் கிண்ணிகளைக் குலுக்கியதுபோல் கேட்டால் பெட்ரோலின் தரம் அல்லது டைமிங். ஆயில் விளக்குக்கான விதி மட்டும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

நன்றாக ஓடும் காலத்திலேயே, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் இன்ஜின் சத்தத்தைச் செல்போனில் அரை நிமிடம் பதிவுசெய்து வைத்துக்கொள்வது உதவும். புதுச் சத்தம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், மெக்கானிக்கிடமும் போட்டுக் காட்டலாம். ஆயில் மாற்றிய தேதியையும் அன்றைய அவர் மீட்டர் எண்ணையும் பானெட்டின் உட்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைக்கலாம். வண்டி பட்டறையில் நின்று, நடவுத் தேதி நெருங்கினால், வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். பட்ட நேரத்தில் கூட்டம் அதிகமிருக்கும் என்பதால், டிராக்டரை நிறுத்திய அன்றைக்கே பதிவு செய்துவிடுவது நல்லது.